டப்பாவில் இருப்பது மருந்தா, மாவா?

கழுத்தில் ஒரு கட்டி. வலி இல்லை. மாலையானால் காய்ச்சல் அடித்தது. இரவில் சட்டை நனையும்படி வேர்த்தது. உடம்பு நாளுக்கு நாள் இளைத்தது.

"நெறி கட்டியிருக்கிறது. பத்துப் போட்டால் போய்விடும்" என்று வீட்டில் பெரியவர்கள் சொன்னார்கள். போகவில்லை.

டாக்டர் கட்டியிலிருந்து சிறு துண்டை எடுத்துச் சோதித்தார். நிணநீர்ப் புற்று நோய் என்று தெரிந்தது. டாக்டர்கள் இதை "லிம்போமா" என்பார்கள்.

ஆறு தவணை மருந்து ஏற்றினார்கள். தலைமுடி கொட்டியது. வாயெல்லாம் புண். ஆனால் கட்டி கரைந்து போயிற்று! வீட்டில் எல்லோருக்கும் உயிர் வந்தது.

ஓர் ஆண்டு சென்றது. அதே இடத்தில், மறுபடியும் கட்டி.

இந்த நேரத்தில்தான் அந்த டப்பா வீட்டுக்குள் வருகிறது.

டப்பா வரும் வழி

அதைக் கொண்டு வருகிறவர் கெட்டவர் அல்ல. சித்தப்பாவாக இருப்பார். அடுத்த வீட்டு அக்காளாக இருப்பார். "இதைத் தினம் இரண்டு கரண்டி பாலில் கலந்து கொடுங்கள். ரத்தம் ஊறும். ஆஸ்பத்திரி மருந்தின் சூடும் தெரியாது. என் நாத்தனார் வீட்டில் ஒருவருக்கு இதிலேதான் குணமாயிற்று" என்பார்.

டப்பா மேலே பச்சை இலைப் படம் இருக்கும். விலை இருக்கும். சின்ன எழுத்தில் ஏதோ அச்சடித்திருக்கும்.

வீட்டுக்காரர்கள் என்ன செய்வார்கள்? வாங்கிக் கொடுப்பார்கள். வளையலை அடகு வைத்தாவது கொடுப்பார்கள். டாக்டரிடம் சொல்ல மாட்டார்கள். சொன்னால் திட்டுவார் என்ற பயம்!

இதில் யாரையும் குற்றம் சொல்வதற்கு இல்லை. உயிருக்காகப் போராடும் வீட்டில் கையைக் கட்டிக் கொண்டு சும்மா இருக்க யாராலும் முடியாது. ஆனால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு.

அந்த டப்பா, ஏறுகிற மருந்துக்குத் துணை செய்கிறதா? அல்லது அதன் காலை வாருகிறதா?

இதற்கு ஊகத்தில் பதில் சொல்ல முடியாது. சோதித்துப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். அப்படிச் சோதித்தவர்களின் கதை மிகவும் சுவையானது.

திரும்பி வரும் நோய்

முதலில் நோயைத் தெரிந்து கொள்ள வேண்டும்.

உடம்பில் ரத்தம் ஓடுவது போல, நிணநீர் என்று ஒரு நீரும் ஓடுகிறது. அது ஓடும் பாதையில் கழுத்து, அக்குள், தொடை இடுக்கு ஆகிய இடங்களில் சிறு சிறு முடிச்சுகள் இருக்கின்றன. கிருமி வந்தால் தடுக்கும் காவல் நிலையங்கள் அவை. அந்தக் காவல்காரர்களே கட்டுப்பாடு இல்லாமல் பெருகுவதுதான் லிம்போமா.

இந்த வகை நோயை 1832-ம் ஆண்டு லண்டனில் தாமஸ் ஹாட்கின் என்ற டாக்டர் விவரித்து எழுதினார். பிறகு இதில் பல வகைகள் இருப்பது தெரிய வந்தது. சில வகை மெல்ல நகரும். சில வகை வேகமாகப் பரவும்.

வேகமாகப் பரவும் வகையில் அதிகம் காணப்படுவது "பெரிய பி-செல் லிம்போமா". இது தீராத நோய் அல்ல. முதல் சிகிச்சையிலேயே 100 பேரில் 60 பேர் அளவுக்குக் குணம் அடைகிறார்கள். மற்றவர்களுக்கு நோய் முழுவதும் அடங்குவது இல்லை. அல்லது அடங்கி, மீண்டும் தலை தூக்குகிறது.

திரும்பி வந்த நோய், முதலில் வந்த நோயைவிடப் பொல்லாதது. முதல் மருந்துக்குத் தப்பிப் பிழைத்த செல்கள்தானே மறுபடி முளைத்திருக்கின்றன!

புற்று நோய்க்கு மருந்து ஏற்றும் வழக்கமே, திரும்பி வந்த லிம்போமாவில்தான் தொடங்கியது என்பது பலருக்குத் தெரியாது. 1942-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம். அமெரிக்காவில் யேல் பல்கலைக் கழகம். ஒரு தொழிலாளிக்குக் கழுத்திலும் தாடையிலும் கட்டிகள். முன்பு கதிர் வைத்துக் கரைத்த கட்டிகள், மீண்டும் வந்துவிட்டன. விழுங்க முடியவில்லை.

லூயி குட்மன், ஆல்பிரட் கில்மன் என்ற இரண்டு மருந்தியல் அறிஞர்களின் யோசனைப்படி, அவருக்குப் புதிய மருந்து ஒன்று ஏற்றப்பட்டது. அது என்ன மருந்து தெரியுமா? முதல் உலகப் போரில் சிப்பாய்களைக் கொன்ற மஸ்டர்டு நச்சுப் புகையின் நெருங்கிய உறவுப் பொருள்!

கட்டிகள் கரைந்தன. டாக்டர்கள் அதிசயித்தார்கள். ஆனால் நோய் திரும்பி வந்தது. அந்த ஆண்டு டிசம்பரில் அவர் காலமானார். போர்க்கால ரகசியம் என்பதால் 1946 வரை இந்தச் செய்தி வெளியே வரவில்லை.

இப்பொழுது நிலைமை எவ்வளவோ மாறிவிட்டது. நோய் திரும்பி வந்தால் வேறு மருந்துக் கூட்டு ஏற்றுகிறார்கள். அதற்கு நோய் அடங்கினால், நோயாளியின் சொந்த ரத்த மூல செல்களை எடுத்து வைத்துக் கொண்டு, மிகக் கடுமையான மருந்து கொடுத்து, பிறகு அந்தச் செல்களைத் திருப்பி ஏற்றுகிறார்கள். இந்த முறையில் 100 பேரில் 53 பேரும், மூல செல் ஏற்றாமல் மருந்து மட்டும் கொடுத்ததில் 32 பேரும் 5 ஆண்டுக்குப் பிறகு உயிரோடு இருந்தார்கள் என்று 1995-ல் ஒரு சோதனை காட்டியது.

நோயாளியின் வெள்ளை அணுக்களையே எடுத்துப் பழக்கி, புற்றை வேட்டையாட அனுப்பும் "கார்-டி" சிகிச்சையும் வந்துவிட்டது. மும்பை ஐ.ஐ.டி.யும் டாட்டா மெமோரியல் ஆஸ்பத்திரியும் சேர்ந்து உருவாக்கிய இந்தியக் கார்-டி சிகிச்சைக்கு 2023 அக்டோபரில் அனுமதி கிடைத்தது.

இத்தனை இருந்தும் எல்லோரும் பிழைப்பது இல்லை. ஆகவே "இன்னும் ஏதாவது சேர்த்துக் கொடுத்தால் என்ன?" என்று டாக்டர்களும் தேடுகிறார்கள். சித்தப்பா தேடுவதும் அதைத்தான். தேடும் முறைதான் வேறு.

கப்பலில் நடந்த சோதனை

டாக்டர்கள் தேடிய பொருள்களில் ஒன்று வைட்டமின் சி. நெல்லிக்காயில் இருக்கிறதே, எலுமிச்சையில் இருக்கிறதே, அதே சத்துத்தான்.

இந்தச் சத்துக்கும் சோதனை என்ற முறைக்கும் பழைய சொந்தம் உண்டு.

1747-ம் ஆண்டு, "சாலிஸ்பரி" என்ற ஆங்கிலப் போர்க் கப்பல் கடலில் போய்க் கொண்டிருந்தது. மாலுமிகளுக்கு ஈறு அழுகியது. பல் ஆடியது. கால் தளர்ந்தது. "ஸ்கர்வி" என்ற நோய் அது. ஆளுக்கு ஒரு வைத்தியம் சொன்னார்கள்.

ஜேம்ஸ் லிண்ட் என்ற கப்பல் டாக்டர் ஒரு காரியம் செய்தார். ஒரே மாதிரி நோயில் கிடந்த 12 பேரைப் பொறுக்கி எடுத்தார். ஒரே இடத்தில் படுக்க வைத்தார். ஒரே சாப்பாடு கொடுத்தார். இரண்டு இரண்டு பேராகப் பிரித்து, ஒவ்வொரு ஜோடிக்கும் ஒவ்வொரு மருந்து கொடுத்தார். ஒரு ஜோடிக்கு வினிகர். ஒரு ஜோடிக்கு ஆப்பிள் மது. ஒரு ஜோடிக்குக் கடல் தண்ணீர்! ஒரு ஜோடிக்குத் தினம் இரண்டு ஆரஞ்சு, ஓர் எலுமிச்சை.

ஆறே நாளில் பழம் தீர்ந்துவிட்டது. ஆனால் பழம் தின்ற இருவரில் ஒருவன் எழுந்து வேலைக்குப் போய்விட்டான். மற்றவன், மீதிப் பேருக்குப் பணிவிடை செய்யும் அளவுக்குத் தேறினான்.

லிண்ட் செய்தது பெரிய வித்தை அல்ல. "பழம் கொடுத்தேன், குணமாயிற்று" என்று மட்டும் அவர் சொல்லவில்லை. "பழம் கொடுக்காதவர்கள் இப்படி இருந்தார்கள்" என்பதையும் பக்கத்தில் வைத்துக் காட்டினார். அவ்வளவுதான்.

இவ்வளவு தெளிவாகக் காட்டியும், எல்லா மாலுமிகளுக்கும் எலுமிச்சைச் சாறு கொடுக்கும்படி ஆங்கிலக் கடற்படை உத்தரவு போட்டது எப்போது? 1795-ல். அதிகாரிகள் என்றால் எக்காலத்திலும் அப்படித்தான் போலிருக்கிறது.

நோபல் பரிசு வாங்கியவர் சொன்னது

இருநூறு ஆண்டுகளுக்குப் பிறகு அதே சத்து, புற்று நோய் அரங்கில் ஏறியது.

ஏற்றியவர் லைனஸ் பாலிங். சாதாரண மனிதர் அல்ல. 1954-ல் ரசாயனத்துக்கு நோபல் பரிசு. 1962-ல் சமாதானத்துக்கு நோபல் பரிசு! ஸ்காட்லாந்தில் இருந்த இவான் காமிரான் என்ற அறுவை டாக்டர் அவருடன் சேர்ந்தார்.

இனி வைத்தியம் இல்லை என்று கைவிடப்பட்ட 100 புற்று நோயாளிகளுக்கு, தினம் 10 கிராம் வைட்டமின் சி கொடுத்தார் காமிரான். அதே ஆஸ்பத்திரியின் பழைய ஏடுகளிலிருந்து 1,000 நோயாளிகளைப் பொறுக்கி ஒப்பிட்டுப் பார்த்தார்கள். "வைட்டமின் சி சாப்பிட்டவர்கள் நான்கு மடங்குக்கு மேல் அதிக நாள் உயிர் வாழ்ந்தார்கள்" என்று 1976-ல் அறிவித்தார்கள்.

உலகம் முழுவதும் பரபரப்பு! கடைகளில் மாத்திரை பறந்தது.

ஆனால் அந்தக் கணக்கில் ஓர் ஓட்டை இருந்தது. பழைய ஏட்டில் இருந்தவர்கள், சாகும் தறுவாயில் கைவிடப்பட்டவர்களாக இருக்கலாம். புதிய 100 பேர், கொஞ்சம் தெம்பு இருக்கும்போதே "வைத்தியம் இல்லை" என்று சொல்லப்பட்டு, அப்போதிருந்தே நாள் எண்ணப்பட்டவர்களாக இருக்கலாம். அப்படியானால், நாள் கூடியது வைட்டமினால் அல்ல. எண்ணத் தொடங்கிய இடத்தால்! ஓட்டப் பந்தயத்தில் ஒருவனைப் பத்து கஜம் முன்னால் நிறுத்திவிட்டு, "இவன் வேகமாக ஓடினான்" என்று சொல்வது போல.

அமெரிக்காவில் ராச்செஸ்டர் நகரில் உள்ள மேயோ ஆஸ்பத்திரி இதைச் சீர்தூக்கிப் பார்த்தது. நோயாளிகளைச் சீட்டுப் போட்டு இரண்டு கூட்டமாகப் பிரித்தார்கள். ஒரு கூட்டத்துக்கு 10 கிராம் வைட்டமின் சி. மறு கூட்டத்துக்கு அதே சுவை ஏற்றிய பால் சர்க்கரை. யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது. பார்க்கும் டாக்டருக்கும் தெரியாது.

முடிவு 1979-ல் வந்தது. இரண்டு கூட்டத்துக்கும் வித்தியாசம் இல்லை.

"அவர்கள் ஏற்கெனவே விஷ மருந்து ஏற்றிக் கொண்டு உடம்பு தளர்ந்தவர்கள்" என்று பாலிங் வாதாடினார். சரி என்று, அந்த மருந்து ஏற்றாத 100 குடல் புற்று நோயாளிகளை வைத்து மறுபடி சோதித்தார்கள். 1985-ல் வந்த முடிவும் அதேதான். பயன் இல்லை.

பாலிங்கின் மனைவி ஆவா ஹெலன் வயிற்றுப் புற்றினால் 1981-ல் இறந்தார். அவரும் வைட்டமின் சி சாப்பிட்டவரே. பாலிங் 1994-ல் இறந்தார். அவருக்கும் புற்று நோய். கடைசி வரை அவர் தம் கருத்தை மாற்றிக் கொள்ளவில்லை.

இரண்டு நோபல் பரிசு வாங்கிய மூளைக்கே இந்தக் கதி என்றால், அடுத்த வீட்டு அக்காள் ஏமாறுவதில் என்ன வியப்பு?

வாயா, ரத்தக் குழாயா?

கதை அத்தோடு முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை.

அமெரிக்க அரசாங்க ஆராய்ச்சி நிலையத்தில் மார்க் லெவீன் என்ற டாக்டர் ஒரு விஷயத்தைக் கண்டார். வாய் வழியாக எவ்வளவு வைட்டமின் சி சாப்பிட்டாலும், ரத்தத்தில் ஓர் அளவுக்கு மேல் ஏறுவது இல்லை. குடல் அதற்கு மேல் வாங்க மறுக்கிறது. வாங்கினாலும் சிறுநீரகம் வெளியே தள்ளிவிடுகிறது. ஆனால் ரத்தக் குழாய் வழியாக ஏற்றினால், பல பத்து மடங்கு உயர்கிறது! இது 2004-ல் வெளியாயிற்று.

காமிரான் முதலில் ரத்தக் குழாயில் ஏற்றிவிட்டு, பிறகு வாயில் கொடுத்தார். மேயோ ஆஸ்பத்திரி வாயில் மட்டுமே கொடுத்தது. இரண்டும் ஒரே சோதனை அல்லவே!

அளவு குறைவாக இருக்கும்போது வைட்டமின் சி சத்து. அளவு மிக மிக ஏறும்போது அது மருந்து போல நடக்கிறது. செல்லைச் சுற்றி ஒரு காரமான பொருளை உண்டாக்கிப் புற்றுச் செல்லைச் சுடுகிறது. ஆய்வுக்கூடக் குப்பிகளில் இது தெரிந்தது.

லிம்போமாவில் வேறொரு காரணமும் சேர்ந்தது. செல்லுக்குள் பல நூறு விசைகள் உண்டு. "பெருகு" என்று ஒரு விசை. "போதும், செத்துப் போ" என்று ஒரு விசை. புற்றுச் செல்லில் "போதும்" என்னும் விசைகளின் மேல் மூடி விழுந்து கிடக்கிறது. அந்த மூடியைத் திறக்கும் ஒரு பொருளுக்கு "டெட்" என்று பெயர். டெட் வேலை செய்ய வைட்டமின் சி உதவுகிறது. லிம்போமா செல்களில் வைட்டமின் சி இந்த வேலையைச் செய்வதை 2017-ல் ஆராய்ச்சியாளர்கள் காட்டினார்கள்.

ஆகவே 2018-ல் ஒரு புதிய சோதனை பதிவாயிற்று. எங்கே? அதே மேயோ ஆஸ்பத்திரியில்! இரண்டு தடவை "இல்லை" என்று சொன்ன இடமே, கேள்வி மாறியதும் மூன்றாம் தடவை வாசலைத் திறந்தது.

இந்தச் சோதனை, திரும்பி வந்த லிம்போமாக்காரர்களுக்கு. அவர்களுக்கு வழக்கமாக ஏற்றும் நான்கு மருந்துக் கூட்டு ஒன்று உண்டு. ரிட்டுக்சிமாப், ஐபோஸ்பமைடு, கார்போபிளாட்டின், எட்டோபோசைடு. முதல் எழுத்துகளைச் சேர்த்து ஆங்கிலத்தில் "ரைஸ்" என்பார்கள். பெயர் சோறுதான், சாப்பிட முடியாத சோறு! இந்த மருந்துடன் ஒரு கூட்டத்துக்கு வைட்டமின் சியை ரத்தக் குழாயில் ஏற்றுவது, மறு கூட்டத்துக்கு வெறும் உப்புத் தண்ணீரை ஏற்றுவது, பிறகு யாருக்கு நோய் அதிகம் அடங்குகிறது என்று பார்ப்பது. இதுதான் திட்டம்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். உப்புத் தண்ணீர் பெறுகிறவர்களுக்கு மருந்து மறுக்கப்படுவது இல்லை. வழக்கமான மருந்து இரு கூட்டத்துக்கும் உண்டு. "சோதனை என்றால் எங்களை எலியாக வைத்துப் பார்ப்பார்கள், வைத்தியம் செய்ய மாட்டார்கள்" என்று பலர் பயப்படுகிறார்கள். இத்தகைய சோதனையில் அப்படி இல்லை.

சத்து, எதிரிக்கும் சத்து

"சோதனை எதற்கு? வைட்டமின் தானே! பயன் இல்லாவிட்டாலும் கெடுதல் இல்லையே" என்று கேட்கலாம்.

கெடுதல் உண்டு.

நியூயார்க்கில் உள்ள மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் புற்று நோய் நிலையத்தார் 2008-ல் ஒரு செய்தி வெளியிட்டார்கள். லிம்போமாக் கட்டி உள்ள எலிகளுக்கு வைட்டமின் சியின் ஒரு வடிவத்தைக் கொடுத்துவிட்டு, பிறகு புற்று நோய் மருந்தை ஏற்றினார்கள். மருந்து மட்டும் பெற்ற எலிகளைவிட இந்த எலிகளுக்குக் கட்டி பெரிதாக இருந்தது! வைட்டமின் சத்து, புற்றுச் செல்லுக்குக் கவசமாகிவிட்டது.

ஒரே வைட்டமின். ஒரே நோய். ஒரு பக்கம் மருந்துக்குத் துணை. மறு பக்கம் புற்றுக்குத் துணை. அளவு, வடிவம், நேரம் ஆகியவற்றால் தலைகீழாக மாறுகிறது. டப்பாவைப் பார்த்து இதை யார் சொல்ல முடியும்?

பச்சைத் தேயிலை நல்லது என்று எல்லோரும் சொல்கிறார்கள். போர்ட்டசோமிப் என்று ஒரு மருந்து. திரும்பி வந்த ஒருவகை லிம்போமாவுக்கும் கொடுக்கிறார்கள். பச்சைத் தேயிலையில் உள்ள ஒரு பொருள், இந்த மருந்தைப் பிடித்துக் கட்டிப் போட்டுவிடுகிறது என்று தெற்குக் கலிபோர்னியா பல்கலைக் கழகத்தார் 2009-ல் கண்டார்கள். அந்தச் சாறு கொடுத்த எலிகளில் மருந்து வேலை செய்யவில்லை. எவ்வளவு விலை கொடுத்து ஏற்றிய மருந்தானால் என்ன?

பின்லாந்து நாட்டில் நடந்தது இன்னும் கொடுமை. காரட்டுக்கு நிறம் கொடுக்கும் பீட்டா கரோட்டின் சத்து, புற்று நோயைத் தடுக்கும் என்று நம்பினார்கள். சிகரெட்டு குடிக்கும் 29,133 ஆண்களை வைத்துச் சோதித்தார்கள். 1994-ல் முடிவு வந்தது. மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்று நோய் 100-க்கு 18 பங்கு அதிகம்!

சோதனை செய்யாமல் விட்டிருந்தால்? இன்றைக்கும் அந்த மாத்திரையை வீட்டுக்கு வீடு கொடுத்துக் கொண்டிருப்பார்கள்.

கெடுதல் இல்லாமல், பயனும் இல்லாமல் போவதும் உண்டு. வைட்டமின் டி குறைவாக உள்ள லிம்போமா நோயாளிகள் அதிகம் சிரமப்படுகிறார்கள் என்று டாக்டர்கள் முன்பே கண்டிருந்தார்கள். அப்படியானால் மாத்திரை கொடுத்தால் தேறுவார்களா? நியூயார்க் மாநிலத்தில் உள்ள ராச்செஸ்டர் பல்கலைக் கழகம் முன் நின்று, மெல்ல வளரும் லிம்போமா உள்ளவர்களுக்குத் தினம் 2,000 யூனிட் கொடுத்துப் பார்த்தது. (மேயோ இருக்கும் ராச்செஸ்டர் வேறு; இது வேறு.) 2023-ல் முடிவு சொன்னார்கள். நோய் அடங்கியிருக்கும் காலம் அதனால் நீளவில்லை. நோய் முற்றியவர் வெயிலில் நடமாடுவது இல்லை; அதனால் சத்துக் குறைந்திருக்கலாம். குறைவு நோயின் விளைவா, நோய்க்குக் காரணமா என்பதைச் சோதனைதான் பிரித்துச் சொன்னது.

யார் யாருக்கு ஆபத்து?

வைட்டமின் சியை ரத்தக் குழாயில் ஏற்றுவதைச் சில இடங்களில் வியாபாரமாகவே செய்கிறார்கள். ஒரு ஆரஞ்சில் இருப்பது 70 மில்லி கிராம் அளவு. ஒரே மூச்சில் ஏற்றுவது 50 கிராம், 75 கிராம். அதாவது ஆயிரம் ஆரஞ்சுப் பழத்தின் சத்து ஒரே நாளில்!

சிறுநீரகம் பழுதானவருக்கு இது கல்லாக உறைந்து சிறுநீரகத்தை அடைத்துவிடும். "ஜி-6-பி-டி" என்ற பொருள் பிறவியிலேயே குறைந்தவர்கள் இருக்கிறார்கள், இந்தியாவிலும் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஏற்றினால் ரத்தச் சிவப்பு அணுக்கள் உடைந்து உயிருக்கே மோசம் வரும். முன்கூட்டி ஒரு ரத்தச் சோதனை செய்தால் தெரிந்துவிடும்.

நீரிழிவு உள்ளவருக்கு மற்றோர் அபாயம். விரலில் குத்திப் பார்க்கும் கருவி சில, வைட்டமின் சியைச் சர்க்கரை என்று தவறாகக் காட்டும். சர்க்கரை ஏறிவிட்டது என்று நினைத்து இன்சுலின் போட்டால், உண்மையான சர்க்கரை அடி மட்டத்துக்குப் போய் மயக்கம் வரும்.

நெல்லிக்காய் தின்னலாமா என்று இதைப் படித்துவிட்டு யாரும் பயப்பட வேண்டாம். உணவு வேறு. டப்பாவிலும் புட்டியிலும் அடைத்துச் செறிவாக்கியது வேறு.

சின்ன எழுத்து

டப்பாவில் சின்ன எழுத்தில் ஏதோ அச்சடித்திருக்கும் என்று சொல்லப்பட்டது அல்லவா? அது என்ன?

"மருத்துவ உபயோகத்துக்கு அல்ல." 2016-ம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு விதிப்படி, இந்தியாவில் விற்கும் சத்து மாத்திரை, சத்து மாவு ஆகியவற்றின் மேல் இந்த வாசகம் இருக்க வேண்டும். ஆங்கிலத்தில் இருக்கும். தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்த தாய் அதை எப்படிப் படிப்பாள்?

புற்று நோயைக் குணமாக்கும் என்று விளம்பரம் செய்வது குற்றம் என்று சட்டமே இருக்கிறது. நேற்று வந்த சட்டம் அல்ல, 1954-ல் வந்தது. ஆனால் விற்கிறவர்கள் விளம்பரத்தில் அப்படிச் சொல்வது இல்லை. வாய் வார்த்தையாகச் சொல்கிறார்கள். வாய் வார்த்தைக்கு அச்சாபீஸ் கிடையாது; பிடிப்பது கடினம்.

சத்து மாவு விற்கிறவர் லிண்ட் செய்ததைச் செய்யட்டுமே! கொடுத்தவர் இத்தனை பேர், கொடுக்காதவர் இத்தனை பேர், பிழைத்தவர் இத்தனை பேர் என்று காட்டட்டுமே! "நாத்தனார் வீட்டில் ஒருவர்" என்பது கணக்கு அல்ல. அந்த ஒருவர் ஆஸ்பத்திரி மருந்தும் ஏற்றிக் கொண்டாரா என்பதை யாரும் கேட்பது இல்லை. அதே மாவைச் சாப்பிட்டு இறந்தவர்கள், வீடு வீடாக வந்து சாட்சி சொல்லப் போவதும் இல்லை.

உண்மையான சோதனைக்கு அழைப்பு வந்தால் அதைக் கண்டு ஓட வேண்டியது இல்லை. இந்தியாவில் நடக்கும் மருத்துவச் சோதனைகளை, தொடங்கும் முன்பே அரசாங்கப் பதிவேட்டில் பதிய வேண்டும் என்பது 2009 முதல் கட்டாயம். 2019-ம் ஆண்டு விதிப்படி, சோதனையால் உடம்புக்குக் கேடு வந்தால் இலவச வைத்தியம் உண்டு. நஷ்ட ஈடும் உண்டு. நோயாளிக்குப் புரியும் மொழியில் விளக்கிச் சொல்லி, கையெழுத்து வாங்க வேண்டும். எந்த நாளிலும் "எனக்கு வேண்டாம்" என்று விலகிவிடலாம். விலகியதற்காக வைத்தியத்தை நிறுத்தக் கூடாது. சோதனைப் பொருளுக்குக் காசு கேட்டால் சந்தேகப்பட வேண்டும்.

டாக்டர்களுக்கும் ஒரு வார்த்தை

இதுவரை சொன்னது குடும்பங்களுக்கு. டாக்டர்கள் மீதும் பாதித் தவறு இருக்கிறது.

வெளியே நூறு பேர் காத்திருக்கிறார்கள். உள்ளே ஒரு நோயாளிக்கு ஐந்து நிமிஷம். "வேறு ஏதாவது சாப்பிடுகிறீர்களா?" என்று கேட்க நேரம் இல்லை. கேட்டாலும், "அதெல்லாம் குப்பை, தூக்கி எறி" என்று அதட்டினால், அடுத்த தடவை அந்தத் தாய் உண்மையைச் சொல்வாளா? டப்பா சமையல் அறைக்குள் மறைந்துவிடும். மருந்து ஏன் வேலை செய்யவில்லை என்று டாக்டர் தலையைச் சொறிந்து கொண்டிருப்பார்.

மருந்து ஏற்றும் நாளில், வீட்டிலிருந்து டப்பாவைப் பையில் போட்டு எடுத்துப் போக வேண்டும். மாவு, லேகியம், கஷாயம், மாத்திரை எதுவானாலும் சரி. பெயர் சொல்லத் தெரியாவிட்டால் டப்பாவையே மேஜை மேல் வைத்துவிடலாம். சிலவற்றை டாக்டர் "சாப்பிடலாம்" என்பார். சிலவற்றை "மருந்து முடியும் வரை வேண்டாம்" என்பார். பசி எடுக்காத நோயாளிக்குக் கஞ்சி, முட்டை, பருப்பு என்று என்ன கொடுக்கலாம் என்பதையும் அதே மூச்சில் கேட்டுக் கொள்ளலாம். வீட்டில் இருப்பவர்கள் கையைக் கட்டிக் கொண்டு நிற்க வேண்டியது இல்லை.

புற்று நோய்ப் பிரிவில் ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு நோட்டு கொடுக்கிறார்கள். பெயர், வயது, எடை, ரத்த அளவு, ஏற்றிய மருந்து எல்லாம் அதில் எழுத இடம் இருக்கிறது. "வீட்டில் சாப்பிடும் மற்ற மருந்தும் சத்துப் பொருளும்" என்று ஒரு வரி சேர்த்து, தமிழில் அச்சடித்து, ஒவ்வொரு தடவையும் நர்சு கேட்டு எழுதும்படி செய்ய, ஆஸ்பத்திரிகளுக்கு எவ்வளவு செலவாகும்?